குடம் நிறைந்தால் எடுத்துவிட வேண்டும்

மாமாவும் நானும் ஒரே கல்யாணத்துக்குத் திருச்சி போய்க்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு வண்டி. அவருடையது டீசல், என்னுடையது மின்சாரம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி ஓர் உணவகத்தில் டீ குடிப்பதாகப் பேச்சு. முந்தி வந்த மாமா வாசலுக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தியிருந்தார். டயருக்கு அடியில் பச்சைப் பெயின்ட், பம்பருக்கு முன்னால் ஆளுயரச் சார்ஜர் பெட்டி.

“காலியாத்தானே மாப்ளே கெடந்துச்சு? பத்து நிமிஷத்துல எடுத்துரப் போறேன்.”

மாமா அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்கிற மனிதர் இல்லை. இதே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். அவருக்கு டீயோடு சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோல் பங்கில் பம்ப் காலியாக இருக்கிறது என்று யாரும் அங்கே வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதில்லை. மூன்று நிமிட வேலை, ஆளும் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் அது நிறுத்துமிடமாக நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் பிடிப்பதால், அதற்கான இடத்தைக் கோடு போட்டு, கார் பார்க்கிங் மாதிரியே அமைக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வாசலுக்குப் பக்கத்தில் வைப்பதும் மின்சாரக் கார்க்காரருக்குத் தரும் மரியாதை என்று நினைக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளிப் போகப் போக, கனமான கேபிளுக்குச் செலவு ஏறும்.

“சரி, பத்து நிமிஷம் நின்னா என்ன?” என்றார் மாமா.

40 யூனிட் பேட்டரி உள்ள கார், நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். 8 சதவீதத்தோடு ஒருவர் வந்து சேர்ந்தால் அவர் கையில் இருப்பது 20 கிலோமீட்டர். மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2019 வழிகாட்டு நெறிகள் நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்றுதான் இலக்கு வைத்தன. அந்தக் கணக்கில் அடுத்த நிலையம் அவருக்கு எட்டாது. பெட்ரோல் வண்டி ‘ரிசர்வ்’ விழுந்த பிறகும் இரண்டு மூன்று பங்கைத் தாண்டிப் போகும். இவருக்கு இந்தப் பெட்டியை விட்டால் வழியில்லை. உள்ளே டீ குடிக்கும் முப்பது பேரில் டீசல் வண்டிக்காரர் யார் என்று அவர் எங்கே போய்த் தேடுவார்?

ஆனால் டீசல் வண்டியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எங்கள் ஆட்கள் செய்வது அதைவிட அதிகம்.

தெருக்குழாயில் பித்தளைக் குடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். வயிறு நிறையும் வரை குழாயை முழுக்கத் திறந்து விடலாம், கழுத்து வந்ததும் திருகிக் குறைக்க வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் உச்சத்தை நெருங்கும்போது, செல் கெடாமலிருக்க வண்டியே மின்சாரத்தைக் குறைத்துக் கேட்கும். பெட்டி 60 கிலோவாட் கொடுக்கத் தயாராக இருந்தாலும் பயனில்லை. பல கார்களில் 80 சதவீதத்தைத் தாண்டியதும் வேகம் விழுந்துவிடும். 10-லிருந்து 80-க்கு ஏற ஒரு மணி நேரம் என்றால், மிச்சமிருக்கும் 20-க்கு இன்னொரு மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் வேக சார்ஜரில் வரிசை இருந்தால் 80-ல் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள் என்கிறோம். அடுத்த ஊர் வரை சார்ஜரே கிடையாது, 95 இருந்தால்தான் போய்ச் சேர முடியும் என்றால் காத்திருப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

நிறைந்த குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டுப் போகும் தவறை நானும் செய்திருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சார்ஜ் முடிந்து ஆப் இரண்டு முறை சத்தம் போட்டது. பாயசம் முடியட்டும் என்று இருந்தேன். இருபது நிமிடம் கழித்துப் போனால், என் வண்டிக்குப் பின்னால் ஒரு கார். மதிய வெயிலில், சார்ஜைச் சேமிக்க ஏசியை அணைத்துவிட்டு, ஓர் அம்மா குழந்தைக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் 75 சதவீதம் ஆனதுமே இலையிலிருந்து எழுந்துவிடுகிறேன்.

இதற்காகவே டெஸ்லா நிறுவனம் 2016 டிசம்பரில், சார்ஜ் முடிந்தும் எடுக்காத வண்டிக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் போடத் தொடங்கியது. கலிபோர்னியாவில், முறையாக அறிவிப்புப் பலகை வைத்த சார்ஜிங் இடத்தில் இணைப்பில்லாமல் நிற்கும் வண்டியை இழுத்துப் போகச் சட்டம் இடம் தருகிறது, அது மின்சார வண்டியாகவே இருந்தாலும். நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதில் சார்ஜிங் இடத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை. பொது இடத்தில் பிறருக்கு இடையூறாக வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிற 122-ஆம் பிரிவு உண்டு. நடைமுறையில் உணவகக் காவலாளியின் விசில்தான் சட்டம். இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் அந்த மனிதருக்குத் தெளிவான ஒரு பலகையாவது முதலாளி வைத்துத் தர வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள். பச்சை நம்பர் பிளேட் அந்த இடத்தில் நிற்க உரிமை தராது, ஏறுகிற மின்சாரம்தான் தரும். வண்டியில் செருகும் ‘கன்’ இரண்டு உள்ள பெட்டிகள் பலவற்றில் இரண்டு கார் சேர்ந்தால் 60 கிலோவாட் முப்பது முப்பதாகப் பிரியும், ஆகவே பக்கத்தில் முழுப் பெட்டி காலியாக இருந்தால் அங்கே போங்கள். மால், தியேட்டரில் இருக்கும் மெதுவான சார்ஜருக்கு இத்தனை அவசரம் கிடையாது, படம் முடியும் வரை நிற்கலாம். எங்கே நின்றாலும் கண்ணாடிக்குள் கைபேசி எண் தெரிய வேண்டும்.

பெட்டியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை ஆபத்து வந்தால் தவிர அழுத்தாதீர்கள். அடுத்தவர் சார்ஜை நிறுத்த அதை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது திருகி விடுவிக்கும் வரை பெட்டி செத்துக் கிடக்கும், அழுத்தியவருக்கும் சேர்த்து.

மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் வண்டியைப் பின்னால் எடுத்தார். அந்த இடத்தில் நான் நிறுத்தினேன், 31 சதவீதம். முன்பு வந்தவர் யாரோ கன்னைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார், வாயெல்லாம் மண். மாமா அதைத் தூக்கி, தோள் துண்டால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, “உள்ள ஊதலாமா மாப்ளே?” என்று கேட்டார்.