சும்மா நிற்கவில்லை அந்த வண்டி

நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சுங்கச்சாவடியை ஒட்டியோ, காவல் நிலைய வாசலிலோ, ஏதோ ஒரு கூட்டுரோட்டின் புளியமர நிழலிலோ ஒரு 108 ஆம்புலன்ஸ் வண்டி நின்றுகொண்டிருக்கும். பைலட் இருக்கையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். 108-இல் ஓட்டுநருக்குப் பைலட் என்றுதான் பெயர். பின்பக்கம் மருத்துவ உதவியாளர் ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருப்பார். வேலை இல்லாமல் நிற்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வண்டி அந்த இடத்தில் நிற்பதே ஒரு வேலை. அதன் பின்னால் ஐம்பது ஆண்டுக் கணிதம் இருக்கிறது.

ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் மருத்துவமனை வாசலில்தான் நின்றது. ஆளைத் தூக்கிவந்து போடுவதுதான் அதன் வேலை என்று பல நாடுகளில் நினைத்திருந்தார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். மாரடைப்பால் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்திலேயே, மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே இறந்துபோவதை அவர் கவனித்தார். அப்படியானால் மருத்துவம்தான் அவர்களிடம் போக வேண்டும். 1966-இல் கார் பேட்டரிகளில் இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்றை ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை சுமார் 70 கிலோ. அன்றிலிருந்து கேள்வியே மாறிப்போனது. ஆள் எவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்கு வருகிறார் என்பதோடு, சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் ஆளிடம் போகிறது என்பதும் முக்கியமானது. இரண்டாவது கேள்விக்கு மருத்துவமனை வாசல் பெரும்பாலும் சரியான இடமில்லை.

அவசரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு போதும். இதயம் நின்றுபோன ஒருவருக்கு எதுவும் செய்யாமல் விட்டால், அவர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடம் தாமதித்தால் மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை.

சரி, வண்டிகளை அதிகமாக வாங்கினால் தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் கணிதம் குறுக்கே வருகிறது. ஒரு மாவட்டத்தில் 10 வண்டிகள் இருக்கின்றன. ஒரு வண்டி சராசரியாக 12 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 6 கிலோமீட்டராகக் குறைக்க 20 வண்டிகள் போதாது, 40 வேண்டும். ஒவ்வொரு வண்டியும் காக்கும் பரப்பு ஒரு சதுரம் என்றால், அதன் பக்கத்தைப் பாதியாக்கப் பரப்பைக் கால்வாசியாக்க வேண்டும் அல்லவா? நியூயார்க்கின் தீயணைப்பு வண்டிகளை ஆராய்ந்து பீட்டர் கோலெசர், எட்வர்ட் பிளம் என்ற இருவர் 1973-இல் இதை வர்க்கமூல விதியாக எழுதினார்கள். வண்டி எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் பாதியாகும். எந்த அரசின் கஜானாவும் இந்த விதியோடு நெடுநாள் மல்லுக்கட்ட முடியாது.

ஆகவே இருக்கிற வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் புத்தி செலவாக வேண்டும். நிறுத்தத் தோதான இடங்கள் 100, கையில் வண்டிகள் 20. எத்தனை விதமாக நிறுத்தலாம்? 5-க்குப் பின்னால் 20 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணைவிடக் கொஞ்சம் அதிகம். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது. ரிச்சர்ட் சர்ச், சார்லஸ் ரெவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1974-இல் கேள்வியைக் கச்சிதமாக வடித்தார்கள்: குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைக் கொண்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் அதிகபட்சம் எத்தனை பேரைச் சென்றடையலாம்? இப்படிக் கேட்டுவிட்டால் கணினியால் நல்ல விடையைத் தேடிப் பிடிக்க முடியும். 1980-களில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் இந்த வழியில் தன் வண்டிகளின் இடங்களைத் திட்டமிட்டது. அழைப்புகள் கூடிய பிறகும் அங்கே சராசரி நேரம் குறைந்தது.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. எல்லா வண்டியும் எப்போதும் காலியாக நிற்கும் என்று அது நம்பியது. நிஜத்தில், நாளின் பாதி நேரம் ஒரு வண்டி ஓட்டத்தில் இருந்தால், அதன் எல்லைக்குள் வரும் அழைப்புகளில் ஏறக்குறைய பாதிக்கு அது கிடைக்காது. பக்கத்து வண்டி வர வேண்டும். அது வந்துவிட்டால் அதன் ஊர் காலி. அங்கே அழைப்பு வந்தால் அதற்கும் அடுத்தது கிளம்ப வேண்டும். 1974-இல் ரிச்சர்ட் லார்சன் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கிலியைச் சமன்பாடுகளுக்குள் கொண்டுவந்தார். இந்தச் சிக்கலுக்கான நடைமுறைத் தீர்வை இன்று பல நகரங்களில் காணலாம். கபடியில் ஒருவர் அவுட் ஆனதும் மற்றவர்கள் இடம் மாறி நின்று களத்தை அடைத்துக்கொள்வதைப் போல, ஒரு வண்டி கிளம்பியதும் மற்ற வண்டிகளை நகர்த்திக் காலி இடத்தை நிரப்புகிறார்கள்.

தணிக்கைக் கண்ணோடு பார்ப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பேருந்து காலியாக நின்றால் நஷ்டம். ஆம்புலன்ஸ் ஒருபோதும் காலியாக நிற்கவில்லை என்றால், அங்கே யாரோ காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கணினி சொல்வதை அப்படியே கேட்டுவிடவும் கூடாது. அதிகம் பேரைச் சென்றடைய வேண்டும் என்று மட்டும் சொன்னால், அது வண்டிகளையெல்லாம் நகரங்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ ஒரு குக்கிராமத்துக்கு ஒரு வண்டியை ஒதுக்குவது அந்தக் கணக்கில் வீண். 108-க்கு வரும் அழைப்புகளில் கணிசமான பங்கு கர்ப்பிணிகளுக்கானது; மலைப்பாதையில் வலி எடுத்த பெண்ணுக்கு அந்த ஒரு வண்டிதான் எல்லாம். யாருக்கு எத்தனை நிமிடம் என்பதைச் சமன்பாடு முடிவு செய்ய விடக்கூடாது. அது ஒரு சமூகம் எடுக்க வேண்டிய முடிவு. தமிழ்நாடு 2008-இல் 108-ஐத் தொடங்கி இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகளை ஓட்டுகிறது. இலங்கையில் 1990 என்ற எண்ணில் இயங்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016-இல் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018-இல் யாழ்ப்பாணத்தையும் எட்டியது. லாபக் கணக்கு பார்த்திருந்தால் இரண்டுமே பெரிய ஊர்களைத் தாண்டியிருக்காது.

நேரம் சக்கரத்தில் மட்டும் கழிவதில்லை. சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசியை எடுப்பவர் "எங்க இருக்கீங்க?" என்று கேட்கிறார். "இங்கதாங்க, பைபாஸ்ல, பங்க் தாண்டி" என்று பதற்றத்தோடு பதில் வருகிறது. எந்த ஊர் பைபாஸ், எந்த பங்க்? கேட்டுக் கேட்டுத் தெளிவதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறு சிக்கல். வண்டி வாசலுக்கு வந்த நிமிடத்தோடு கணினியில் கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாது. ஏழாவது மாடியிலிருந்து ஆளை நாற்காலியில் உட்காரவைத்துப் படியில் இறக்க வேண்டியிருக்கும். அந்த நிமிடங்களை நோயாளியின் உடல் மட்டும்தான் கணக்கு வைத்திருக்கும்.

வண்டி எவ்வளவு விரைந்தாலும் சில நிலைகளில் அதைவிட அருகில் இருப்பவர், போன் செய்த ஆள்தான். 1980-களில் சியாட்டிலைச் சுற்றியுள்ள கிங் கவுண்டியில் மிக்கி ஐசன்பெர்க் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசியை எடுத்தவர் சொல்லிக்கொடுத்தால், எந்தப் பயிற்சியும் இல்லாத ஒருவரால் நின்றுபோன இதயத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தாங்கிப்பிடிக்க முடியும். இன்று சொல்லித்தருவது இதுதான்: ஆளை மல்லாத்தித் தரையில் கிடத்து. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வை, அதன்மேல் மறுகை. முழங்கையை மடக்காமல், இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. நான் எண்ணுகிறேன், நீ அழுத்து. கிலோமீட்டர் கணக்கில் தொலைவில் இருக்கும் ஒரு குரல், இன்னொருவரின் கைகள் வழியாக ஒருவரின் மூளைக்கு ரத்தம் அனுப்புகிறது! இதைவிடப் பெரிய அதிசயம் அவசர மருத்துவத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சாலை விபத்தில் கைகொடுக்கத் தயங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது.

மறுமுனையில் மருத்துவமனையும் வண்டியின் நேரத்தைத் தின்னும். அவசர சிகிச்சைப் பிரிவில் படுக்கை காலியில்லை என்று நோயாளி வண்டியின் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தால், அந்த வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. வாசலில் வரிசையாக வண்டிகள் நிற்கும். ஊர்கள் வெறுமையாக இருக்கும். வரும் வழியிலேயே தகவல் சொல்லி மருத்துவமனையைத் தயாராக வைத்திருந்தால் நோயாளிக்கும் நல்லது, அடுத்து அழைக்கப்போகிறவருக்கும் நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு அறிக்கையில் வருவது ஒரே ஓர் எண், சராசரி நேரம். பத்து அழைப்பில் எட்டுக்கு 10 நிமிடத்திலும் இரண்டுக்கு 60 நிமிடத்திலும் வண்டி போனால் சராசரி 20 நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 60 நிமிட ஊரில் இருப்பவர் அதில் காணாமல் போகிறார். அதனால்தான் பத்தில் ஒன்பது முறை எத்தனை நிமிடத்துக்குள் என்ற அளவையே பல நாடுகள் பயன்படுத்துகின்றன. அழைப்பு வந்தது, வண்டி கிளம்பியது, சேர்ந்தது என்று ஒவ்வொரு கட்டமும் கணினியில் நேரத்தோடு பதிவாகும் காலம் இது. அதை வட்டம் வாரியாகத் தொகுத்து மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அப்போது கிராமசபையில் எழுந்து நின்று யாரும் கேட்கலாம்: நம்ம ஊருக்கான வண்டி எங்கே நிற்கிறது, அது போய்விட்டால் அடுத்தது எங்கிருந்து வரும், பத்தில் ஒன்பது முறை எத்தனை நிமிடத்தில்?