கரீபியன் தீவுகளும் கைவசம் வேண்டிய சான்றுகளும்

நீலக் கடலும் வெண்மணற் கரையும் தென்னஞ்சோலையும் சூழ்ந்த மேற்கிந்தியத் தீவுகளை நம்மில் பலர் கிரிக்கெட் வாயிலாகவே அறிந்திருக்கிறோம். வட, தென் அமெரிக்கக் கண்டங்களுக்கு இடையே கரீபியன் கடலில் சிதறிக் கிடக்கும் இத்தீவுகளின் உல்லாச விடுதிகளில் விடுமுறையைக் கழிக்க ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அவர்கள் கையில் எவ்வெச் சான்றுகள் இருத்தல் வேண்டும், ஏன் வேண்டும் என்பதைச் சற்றுக் காண்போம்.

கிரிக்கெட்டில் மேற்கிந்தியர் ஒரே அணியாக ஆடினாலும், அத்தீவுகள் ஒரே நாடு அல்ல. ஜமைக்கா 1962-லும் பார்படாஸ் 1966-லும் விடுதலை பெற்ற தனி நாடுகள். மார்த்தினிக், குவாதலூப் ஆகியவை பிரான்சைச் சேர்ந்தவை. அரூபா நெதர்லாந்து முடியரசின் ஒரு பகுதி. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே, “நீ எந்நாட்டுக் குடிமகன்? எந்தத் தீவுக்குச் செல்கிறாய்?” என்னும் இரு வினாக்களின் விடையைப் பொறுத்தே வேண்டிய சான்றுகள் அமைகின்றன.

முதலில் அமெரிக்கப் பயணிகளைப் பார்ப்போம். முன்பெல்லாம் அவர்கள் பிறப்புச் சான்றிதழையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டியே பல கரீபியன் தீவுகளுக்குச் சென்று திரும்பினர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இந்நிலை மாறியது. 2004-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2007 ஜனவரி 23 முதல் விமானத்தில் நாடு திரும்புவோருக்குக் கடவுச்சீட்டு, அதாவது பாஸ்போர்ட், கட்டாயமாயிற்று. உடனே விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. பயண நாள் நெருங்கியும் கடவுச்சீட்டு வந்து சேராமல் மக்கள் தவித்தனர். எனவே அரசு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விதியைச் சற்றுத் தளர்த்தி, விண்ணப்பித்ததற்கான சான்றைக் காட்டினால் செப்டம்பர் இறுதி வரை செல்லலாம் என அறிவிக்க நேர்ந்தது.

கப்பல் பயணத்திற்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து புறப்பட்டு, தீவுகளைச் சுற்றி, அதே துறைமுகத்திற்குத் திரும்பும் கப்பலில் செல்லும் அமெரிக்கர், பிறப்புச் சான்றிதழும் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையும் கொண்டு நாடு திரும்பலாம். பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பிறப்புச் சான்றிதழே போதும். ஆனால் அது அரசுப் பதிவேட்டிலிருந்து பெற்றதாக இருக்க வேண்டும். மருத்துவமனையில் குழந்தையின் பாதச் சுவடு பதித்து நினைவுக்காகத் தரும் அழகிய தாள் செல்லாது!

இச்சலுகையை நம்பிக் கடவுச்சீட்டு இன்றிச் செல்வது அறிவுடைமை ஆகுமா? நடுவழியில் நோயுற்றாலோ, தீவில் இறங்கியபின் கப்பலைத் தவறவிட்டாலோ, விமானத்தில்தானே திரும்ப வேண்டும்? அப்போது கடவுச்சீட்டு இல்லாதவர், தூதரகத்தின் உதவியை நாடி அயல்நாட்டில் காத்திருக்க வேண்டியதுதான். மேலும், கப்பல் நின்று செல்லும் நாடுகளும் தம் விதிப்படி கடவுச்சீட்டைக் கேட்கலாம்.

நம் வயதுடைய பெண்களுக்கான விதி ஒன்றும் அறியத்தக்கது. அமெரிக்காவில் பதினாறு வயதுக்குட்பட்டவருக்குக் கடவுச்சீட்டு வழங்கத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் தேவை. ஒருவர் நேரில் வர இயலாவிடில் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். அச்சீட்டு ஐந்தாண்டுகளே செல்லும். பெற்றோரில் ஒருவருடன் மட்டும் பிள்ளை பயணம் செய்யும்போது, மற்றவரின் சம்மதக் கடிதத்தை உடன் கொண்டு செல்வது நலம். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பிள்ளையை அயல்நாட்டிற்குக் கடத்திச் செல்லாமல் காக்கவே இவ்வேற்பாடு. தொல்லையாகத் தோன்றும் கையொப்பமே சில பிள்ளைகளுக்குக் காவலாக நிற்கிறது.

அடுத்து, பெயர்ப் பொருத்தம். புதுமணத் தம்பதியர் பலர் இத்தீவுகளுக்கு வருகின்றனர். மணமகளின் பயணச்சீட்டில் கணவரின் குடும்பப் பெயரும் கடவுச்சீட்டில் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். கடவுச்சீட்டில் உள்ளபடியே பயணச்சீட்டைப் பதிவு செய்தல் வேண்டும்.

இந்தியர் சென்றால்? ஜமைக்கா, பார்படாஸ் போன்ற நாடுகளுக்கு இந்தியக் கடவுச்சீட்டுடையோர் சுற்றுலாவுக்குச் செல்ல முன்கூட்டியே விசா பெறத் தேவையில்லை. ஆயினும் இங்கிருந்து செல்வோர் இடையில் விமானம் மாற வேண்டும். அமெரிக்காவில் மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியேறாவிடினும் அந்நாட்டு விசா கட்டாயம். போகும் ஊரின் விதியை மட்டுமன்றி வழியிலுள்ள ஊரின் விதியையும் அறிந்தே புறப்பட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை ஆதலால் தூதரகத்தில் கேட்டறிதல் நன்று. திரும்புவதற்கான பயணச்சீட்டையும் தங்கும் விடுதியின் முகவரியையும் அதிகாரிகள் கேட்பதுண்டு.

தீவை அடைந்தபின் கடவுச்சீட்டை விடுதியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அதன் நகலுடன் வெளியே செல்லலாம். தொலைந்துவிட்டால் காவல் நிலையத்திலும் தம் நாட்டுத் தூதரகத்திலும் உடனே தெரிவிக்க வேண்டும். இந்தியத் தூதரகங்கள் கிங்ஸ்டனிலும் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் உள்ளன. கையில் நகல் இருந்தால் மாற்றுச் சான்று பெறுவது எளிதாகும்.

நம் ஊரில் “இன்னார் மகள்” என்றாலே நம்மை அறிந்துகொள்வர். நம்மை ஒருவரும் அறியாத கடற்கரையில் நமக்காகப் பேசுவது அச்சிறு ஏடு ஒன்றே. அது சரியாகப் பேச வேண்டுமெனில், பிறப்புச் சான்றிதழ் முதல் பள்ளிச் சான்றிதழ் வரை நம் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் முன்னெழுத்து மட்டும் போதாது. அதன் விரிவையும் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பப்படும் முன் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துக் கையொப்பமிடுவோம். கரீபியன் கடலை நாம் காண்போமோ, காணமாட்டோமோ, நம் பெயரைப் பிழையின்றிக் காப்பது இன்றே நம் கையில் உள்ளது!