உண்ணிக் காய்ச்சலை அடக்கும் உயிருள்ள ஊசி

உம்பளாச்சேரி மாடுகள் உழுத டெல்டாவில் இன்று பால் கறப்பது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பினம். திருவையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அப்படித்தான். இந்த மாடுகளுக்கு உண்ணியால் வரும் ஆபத்து ரத்தம் குடிப்பதோடு முடிவதில்லை. சில உண்ணிகளின் எச்சிலில் 'தைலேரியா அனுலேட்டா' என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இருக்கும். அது உள்ளே போனால் தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டும். காய்ச்சல் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், ரத்தம் சுண்டும், பால் வற்றும். கவனிக்காவிட்டால் மாடே போய்விடும். நாட்டு மாடுகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், கலப்பினம் தாங்காது.

நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே இந்த ஒட்டுண்ணி குடியேறுகிறது. அந்த அணுவைப் புற்றுநோய் அணுபோலப் பெருகவைத்து, அது பிரியும்போதெல்லாம் தானும் பிரிகிறது. உள்ளே பதுங்கியதை, ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளால் எட்ட முடியாது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி எனக்கு இன்னும் வியப்பூட்டுகிறது. ஒட்டுண்ணி புகுந்த வெள்ளணுக்களை ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். நாளடைவில் ஒட்டுண்ணியின் வீரியம் குறைந்தது. திசுக்களைத் துளைத்துப் பரவ உதவும் நொதியின் சுரப்பும் குறைந்தது. இந்த முறையில் உருவான 'ரக்ஷாவாக்-டி' தடுப்பூசியை ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் கலப்பின மாடுகளுக்காகக் கொண்டுவந்தது.

ஊசியில் போகும் சாதுவான ஒட்டுண்ணி, மாட்டின் சொந்த வெள்ளணுக்களுக்குத் தாவுகிறது. உடனே டி-செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்கள் விழிக்கின்றன. ஒரு பிரிவு 'இன்டர்பெரான் காமா'வைச் சுரந்து விழுங்கணுக்களை உசுப்ப, அவை நைட்ரிக் ஆக்சைடைக் கக்குகின்றன. மற்றொரு பிரிவு, ஒட்டுண்ணி புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்கிறது. பிறகு நிஜ ஒட்டுண்ணி வந்தாலும் இந்தப் படை அடையாளம் காணும்.

செத்த கிருமி இந்த அளவுக்கு உசுப்பாது என்பதால், அணுக்களை உயிரோடு வைக்க வேண்டும். அதற்கு மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜன் வேண்டும். சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளும் இதில்தான் இருக்கின்றன. ஆகவே கால்நடை மருந்தகங்களுக்கு இது புதிதல்ல.

மனிதருக்கு வரும் மலேரியாவில், உயிருள்ள ஒட்டுண்ணியையே பலவீனமாக்கி ஊசியாக்கும் இந்த வழி இன்னும் ஆய்விலேயே நிற்கிறது. கதிர்வீச்சால் பலவீனமாக்கிய மலேரியா ஒட்டுண்ணி எலிகளைக் காத்ததை ரூத் நுசென்ஸ்வைக் 1967இல் காட்டினார். ஆனால் இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படும் இரண்டு மலேரியா ஊசிகளுமே ஒட்டுண்ணியின் ஒரு புரதத் துண்டைக் கொண்டவை.

கோமாரிக்கு முகாம் போட்டு ஊசி போடுவதுபோல் தைலேரியாவுக்குத் தேசியத் திட்டம் இல்லை. ஆகவே கலப்பினக் கன்று வளர்ப்பவர்கள் இந்தத் தடுப்பூசி கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி உண்ணியைக் கொல்லாது; கொட்டில் சுவரின் வெடிப்புகளையும் பூசிவிடுங்கள், உண்ணி பதுங்குவது அங்கேதான்.