கம்ப்யூட்டர் பேரேட்டுக்கும் பூட்டு வேண்டும்!

சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள பெரிய நிறுவனங்களில், கம்ப்யூட்டர்களைப் பாதுகாப்பதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். அதே பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று கடை வைத்திருக்கும் நமக்கு யார் இருக்கிறார்கள்? பில் போடுவதும் நாமே, கணக்கு எழுதுவதும் நாமே, காவலும் நாமே.

இரவில் ஷட்டரை இறக்கி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் வாடிக்கையாளர் பாக்கி, மொத்தக் கடைக்குத் தர வேண்டியது, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அடங்கிய கம்ப்யூட்டரை மட்டும் திறந்து போட்டிருக்கிறோம்.

வைரஸ் பெரும்பாலும் நாம் கதவைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே வருகிறது. 2000-ம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் ஈமெயிலில் வந்தது. திறந்தவர்களின் பைல்களை அழித்ததோடு, அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தானாகவே போய்ச் சேர்ந்தது. இன்று நமக்குக் காதல் கடிதம் வருவதில்லை, 'இன்வாய்ஸ்', 'ஜி.எஸ்.டி. நோட்டீஸ்' என்று வருகிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. பைல் வருகிறது.

2017 மே மாதம் 'வானாக்ரை' சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர் பைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் ஒரு துறையின் கம்ப்யூட்டர்களே இவ்விதம் பூட்டப்பட்டன. நம் கடை எம்மாத்திரம்?

நாம் செய்ய வேண்டியவை:

1. இரண்டு பென் டிரைவ் வாங்கி, கணக்கை ஒரு நாள் ஒன்றில், மறுநாள் மற்றொன்றில் நகல் எடுப்போம். எடுத்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவோம். செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

2. திருட்டு சாப்ட்வேர் வேண்டாம். பில் போடும் கம்ப்யூட்டரில் பாட்டு, சினிமா இறக்குவதும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் கவனிக்கவும்.

3. வரி நோட்டீஸ் என்று மெயில் வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல், நாமே ஜி.எஸ்.டி. போர்ட்டலில் நுழைந்து பார்ப்போம். அல்லது ஆடிட்டரைக் கேட்போம்.

4. 'எங்கள் பேங்க் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்' என்று மொத்தக் கடையின் பெயரில் மெயில் வந்தால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள நம்பருக்குப் போன் செய்து கேட்ட பிறகே பணம் அனுப்புவோம்.

5. பணம் பறிபோனால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்து, பேங்குக்கும் தெரிவிப்போம். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பைல்கள் பூட்டப்பட்டுவிட்டால், கேட்ட பணத்தைக் கொடுத்தாலும் அவை திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நகல் இருந்தால் மறுநாளே பில் போடலாம். இல்லையென்றால், யார் யார் எவ்வளவு பாக்கி என்று வாடிக்கையாளரையே கேட்க வேண்டியதுதான்! இன்றிரவு கடையைக் கட்டுமுன் முதல் நகலை எடுத்துவிடுவோம்.