காபன் பணத்தில் காடு காத்தல்: அம்பாறைக் கரையின் கணக்கு

காபன் கிரெடிட் என்பது மரத்தை வெட்டாமலே காட்டிலிருந்து வருமானம் பெறும் ஏற்பாடு. ஒரு தொன் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தில் சேராமல் தடுக்கப்பட்டால், அல்லது அங்கிருந்து மரமும் மண்ணும் அதை உறிஞ்சிக்கொண்டால், அதற்கு ஒரு கிரெடிட் சான்று கிடைக்கும். தன் புகையைக் குறைக்க முடியாத, அல்லது குறைக்க மனமில்லாத நிறுவனம் அந்தச் சான்றை வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். அந்தப் பணம் காட்டைக் காப்பவருக்குப் போக வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம்.

1997இல் உருவான கியோட்டோ ஒப்பந்தம் புதிதாக மரம் நடுவதற்கு மட்டுமே இவ்வகைச் சான்று கிடைக்க வழி செய்தது. நிற்கும் இயற்கைக் காட்டை அழியாமல் காப்பதற்கும் பணம் தரலாம் என்ற யோசனை 2007இல் பாலித் தீவில் நடந்த காலநிலை மாநாட்டில் ஏற்கப்பட்டது. ரெட் பிளஸ் எனப்படும் அந்த ஏற்பாட்டின் விதிகள் 2013இல் வார்சோவில் முடிவாகின. அதே ஆண்டில் இலங்கையிலும் ஐ.நா. உதவியுடன் ரெட் பிளஸ் ஆயத்தப் பணி தொடங்கியது. 2017இல் தேசிய முதலீட்டுத் திட்டமும் வரையப்பட்டது.

தென்கிழக்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் நிலைத்த வன முகாமைத்துவம் என்றால், தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டிவிட்டுப் பல பத்தாண்டுகள் காட்டை ஆறவிடுவது. இலங்கையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே முகாமைத்துவம் என்பது எல்லையைக் காப்பதும், அழிந்த இடத்தை மீட்பதும், சுற்றியிருக்கும் மக்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி காட்டுவதும்தான். இவற்றில் எதுவும் பலகை விற்ற காசைத் தராது. காபன் பணம் கவர்ச்சியாகத் தோன்றுவது இதனால்தான்.

அம்பாறைக் கரையோரம் இருவகைக் காட்டை நம்பி வாழ்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மேற்கே இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்துக்கு நீர் வடியும் மலைக்காடு அது. அந்த நீரேந்து பகுதியைக் காக்கவே 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களின் போகம் அந்தக் குளத்தின் மட்டத்தைப் பார்த்துத்தான் தீர்மானமாகிறது. மற்றது கரையோரக் களப்புகளைச் சுற்றித் துண்டு துண்டாக நிற்கும் கண்டல் காடு. பொத்துவில், அறுகம்பைப் பக்கம் அதைப் பார்க்கலாம்.

பரப்பில் சிறியதாயினும், காபன் கணக்கில் கண்டலுக்குத் தனி மதிப்பு உண்டு. சேற்றில் ஒட்சிசன் குறைவு என்பதால் விழுந்த இலையும் வேரும் எளிதில் மக்குவதில்லை. நூற்றாண்டுகளாகச் சேரும் காபன் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. இந்து-பசிபிக் பிராந்தியக் கண்டல்களை அளந்து 2011இல் வெளியான ஆய்வு, ஹெக்டேயருக்குச் சராசரியாக ஆயிரம் தொன்னுக்கும் சற்று அதிகமான காபன் இருப்பதாகக் கண்டது. அதில் பெரும்பகுதி மண்ணில்தான். ஒரு தொன் காபன் காற்றில் கலந்தால் 3.67 தொன் காபனீரொட்சைட்டாகும். எனவே கண்டலை அழித்து இறால் பண்ணை வெட்டினால் வெளியேறுவது மரத்தின் காபன் மட்டுமல்ல, அடிமண்ணின் சேமிப்பும்தான்.

இந்தக் கணக்கைக் காசாக்கிய ஊர் கென்யாவில் இருக்கிறது. காசி விரிகுடாவின் இரு கிராமத்தார் 2013இலிருந்து மிக்கோக்கோ பமோஜா என்ற பெயரில் சுமார் 117 ஹெக்டேயர் கண்டலைக் காத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 தொன் அளவுக்குக் கிரெடிட் விற்கிறார்கள். வருமானம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. விறகுக்காகக் கண்டலுக்குள் யாரும் போகாமலிருக்கப் பக்கத்தில் சவுக்கும் நட்டார்கள். சவுக்கு அம்பாறைக் கரைக்குப் புதிய மரமல்ல. ஒன்றை மறக்கக்கூடாது: இத்தனை பாடுபட்டும் கிடைப்பது ஊராரைப் பணக்காரராக்கும் தொகையல்ல. சிறிய களப்புகள் தனித்தனியே விற்கப் போனால் அளவீட்டுச் செலவும் தணிக்கைச் செலவுமே வருமானத்தைத் தின்றுவிடும். பல களப்புகள் ஒரே திட்டமாகச் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

இலங்கைக்குள்ளும் முன்மாதிரி உண்டு. காலி மாவட்டத்து ஹினிதுமையில், சிங்கராஜ வனத்தையும் கன்னெலியப் பக்கத்து வனத்தையும் இணைக்கச் சிறு காணிக்காரர்கள் தம் தோட்டங்களில் மரம் வளர்த்து, பிளான் விவோ என்ற சான்றுத் தரத்தின் கீழ்க் காபன் திட்டத்தில் சேர்ந்தார்கள். அங்கே காணி சொந்தக் காணி. அம்பாறையில் அப்படியல்ல; அதைப் பிறகு பார்ப்போம்.

கிரெடிட் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, திட்டம் இல்லாவிட்டாலும் காடு தப்பியிருக்குமா என்பது. தப்பியிருக்குமென்றால் கிரெடிட்டுக்கு இடமில்லை. 2015இல் இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் காப்பதாக அறிவித்து உலகின் கவனத்தைப் பெற்றது. சட்டமே காக்கும்போது பணம் எதற்கு என்று வாங்குபவர் கேட்பார். சட்டம் காகிதத்தில் இருக்கிறது, காவலாளி களத்தில் இல்லை என்பதைத் தரவோடு காட்டினால்தான் பதில் எடுபடும். இந்த இடத்தில் பொய் சொல்வது எளிது. உலகச் சந்தையின் பெயர் கெட்டதும் இதனால்தான். பல ரெட் பிளஸ் திட்டங்கள் தடுத்ததாகச் சொன்ன அழிவில் பெரும்பகுதி எப்படியும் நடந்திராது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் சிம்பாப்வேயின் கரிபா ரெட் பிளஸ் திட்டத்தின் கிரெடிட்டுகளை விற்ற நிறுவனம் அதிலிருந்து விலகியது.

நட்டால் போதும் என்ற எண்ணமும் ஆபத்தானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது அதை இன்னும் மறக்கவில்லை. அதன் பின் தீவெங்கும் கண்டல் நடும் வேகம் பிறந்தது. 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. கண்டல் வளராத மேட்டிலும் ஆழத்திலும் நட்டார்கள். ஒரே வகைக் கன்றையே நட்டார்கள். நட்டபின் மாடு மிதித்ததைக் கேட்பாரில்லை. இதற்கு மாறாக, தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழி செய்தன. கன்றை விட நீரோட்டமே முக்கியம் என்பது அங்கே நிரூபணமானது.

வளர்ந்த காடும் நிரந்தரமல்ல. 1978 நவம்பரில் கிழக்குக் கரையில் மரங்களைச் சாய்த்த சூறாவளி போன்ற ஒன்று மறுபடி வந்தால் விற்ற கிரெடிட்டுக்குப் பொறுப்பு யார்? இதற்காகவே பெரும்பாலான சான்றுத் தரங்கள் ஒரு பங்கு கிரெடிட்டை விற்கவிடாமல் ஒதுக்கி வைக்கின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது காணி. காட்டின் சட்டப்படியான உரிமையாளர் பெரும்பாலும் அரசு. வனத் திணைக்களம் கையொப்பமிடாமல் திட்டம் நகராது. ஆனால் மீன்பிடிப்பவரும், மாடு மேய்ப்பவரும், பெர்மிட் காணியில் நெல் விதைப்பவரும் இல்லாமல் காவலும் நடக்காது. வட்டமடுவில் விவசாயிகள், மேய்ச்சல்காரர், வனத் திணைக்களம் என மூன்று தரப்பும் பல்லாண்டாக மல்லுக்கட்டுவதை மாவட்டம் அறியும். எல்லை தீராத இடத்தில் காபன் ஒப்பந்தம் வந்தால், விதைத்தவர் அத்துமீறியவராகிவிடும் அபாயம் உண்டு. இவ்வகை ஒப்பந்தம் பல பத்தாண்டுகளுக்கானது. கையெழுத்திடுபவரின் பிள்ளைகளையும் அது கட்டும்.

ஆகவே திட்டத்தோடு யாராவது ஊருக்கு வந்தால், வருமானத்தில் ஊருக்கு எத்தனை வீதம், எத்தனை ஆண்டு, எந்த எல்லைக்குள் என்பதைப் பிரதேச செயலக வரைபடத்தோடு கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் முழுவதும் தமிழில் கைக்கு வரும்வரை மீனவர் சங்கமோ, விவசாயிகள் சங்கமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ அதில் ஒப்பமிட வேண்டாம்.