ஸ்பீக்கர் கம்பி எவ்வளவு நீளம் வேண்டும்?

சுங்கை பாக்காப் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் பல. லயத்து முன்னறையில் ஸ்டீரியோவின் இரு ஸ்பீக்கர்களும் பக்கத்திலேயே இருந்தன. தாமான் வீட்டுக் கூடமோ நீளமானது. ஒன்று அருகிலும் மற்றொன்று தொலைவிலும் இருந்தால், இரண்டுக்கும் சம நீளக் கம்பி வேண்டுமா?

வேண்டியதில்லை. கம்பியில் மின்குறிப்பு ஒளிக்கு நிகரான விரைவில் ஓடுகிறது. ஒலியோ காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்துவதே காதுக்குப் பெரிய மாற்றம்.

நாம் பார்க்க வேண்டியது மின்தடை. 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 10 மீட்டர் இழுத்தால், போக வர 20 மீட்டர். தடை சுமார் 0.7 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குரிய சக்தியில் ஏறக்குறைய 8 விழுக்காடு வழியிலேயே வெப்பமாய்ப் போகும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. தூரம் கூடினால் தடிப்பான கம்பி போதும். பெயர் பெற்ற கம்பிக்குப் பணத்தை இறைக்க வேண்டாம்.

சுவரோரமாகக் கயிறு பிடித்து அளப்போம். ஒரு முழம் கூட்டி வெட்டுவோம். மின்சாரத்தை நிறுத்திய பிறகே இணைப்போம். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்ப்போம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் மத்தளத்தின் கனம் குன்றும். கம்பி இழைகள் ஒன்றையொன்று தொட்டால் ஆம்ப்ளிஃபயரே பழுதாகலாம். குழந்தைகள் நடக்கும் வழியில் கம்பி குறுக்கே கிடக்க வேண்டாம்.

தவணை கட்டி வாங்கிய பெட்டி, நெடுநாள் பாடட்டும்.