பௌபஜாரில் பிறந்த ராமன் விளைவும் குவாண்டம் கணினியும்

கொல்கத்தாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் சர் சி. வி. ராமன் பெயர் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இங்கு வந்ததும், பௌபஜார் தெரு 210-ஆம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆபீஸ் நேரம் போக ஆராய்ச்சி செய்ததும், 1917-இல் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனதும், 1930-இல் நோபல் பரிசு பெற்றதும் மனப்பாடம். ஆனால் ராமன் விளைவு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அது அல்ல. 1921-இல் கப்பலில் எழுந்த அந்தக் கேள்வி அவரை ஒளிச்சிதறல் பக்கம் இழுத்தது, அவ்வளவுதான்.

ஒரே நிற ஒளியை ஒரு திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வருவதில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் இருக்கும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறு ஒளியிடமிருந்து ஒரு சிட்டிகை ஆற்றலை வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கிறது. எவ்வளவு வாங்கியது? தன்னுடைய இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு. 1928 பிப்ரவரி 28-இல் உறுதியான விஷயம் இதுதான். ('நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் கே. எஸ். கிருஷ்ணன் பெயரும் உண்டு. வத்திராயிருப்பில் பிறந்த அவரை நம் மேடைகளில் யாரும் நினைப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.)

இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்று குவாண்டம் கணினிக்குள் நடக்கிறது. அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் அது அயனி. வெற்றிடப் பெட்டிக்குள், வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்தால் அதை அந்தரத்தில் நிறுத்தலாம். இந்தப் பொறியை உருவாக்கிய வோல்ஃப்காங் பவுலுக்கு 1989 நோபலில் பங்கு கிடைத்தது. அயனியின் இரண்டு ஆற்றல் நிலைகளை 0, 1 என்று வைத்துக்கொண்டால் அது ஒரு பிட். சாதாரணப் பிட் போல் அல்லாமல், இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கும்.

0-வை 1 ஆக்குவது எப்படி? இங்கேதான் நம்மவர் வருகிறார். இரண்டு லேசர் கதிர்களை அயனியின் மேல் விடுகிறார்கள். அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் 0-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். அயனி ஒரு கதிரிலிருந்து வாங்கி மற்றதில் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தைத் தான் வைத்துக்கொண்டு நிலை மாறுகிறது. பௌபஜாரில் தானாக, அபூர்வமாக நடந்தது இங்கே கட்டளைப்படி நடக்கிறது. பாதியில் கதிரை நிறுத்தினால் 0-வும் 1-உம் சரிபாதி கலந்த நிலை.

நேராக மைக்ரோ அலையைக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் அந்த அலையின் நீளம் சென்டிமீட்டர் கணக்கு. வரிசையாக நிற்கும் அயனிகளுக்கு நடுவே இருப்பதோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. ஒன்றை மட்டும் தொட முடியாது. லேசரைக் குவிக்கலாம். தவிர, கதிர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வரும்போது அயனிக்கு ஒரு சின்னத் தள்ளும் கிடைக்கிறது. எல்லாம் ஒன்றையொன்று விலக்குபவை ஆதலால் ஒன்று அசைந்தால் வரிசையே அசையும், நெரிசலான டிராமில் ஒருவர் சாய்ந்தால் நாலு பேர் ஆடுகிற மாதிரி. இந்த ஆட்டத்தின் வழியாகத்தான் ஒரு பிட்டின் சேதி இன்னொன்றுக்குப் போகிறது. 1995-இல் சிராக், சோலர் இருவரும் காகிதத்தில் போட்ட திட்டம் இது.

அதே ஆண்டு அமெரிக்காவின் போல்டர் நகரில், டேவிட் வைன்லாண்டின் ஆய்வகத்தில், கிறிஸ்டபர் மன்ரோ முதலானோர் ஒற்றைப் பெரிலியம் அயனியில் ராமன் கதிர்களைக் கொண்டு குவாண்டம் தர்க்க வாயிலைச் செய்து காட்டினார்கள். வைன்லாண்ட் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மன்ரோ 2000-இல் மிச்சிகன், 2007-இல் மேரிலாந்து, 2021-இல் டியூக் என்று பல்கலைக்கழகம் மாறினாலும் பிடித்த அயனியை விடவில்லை. 2015-இல்தான் அயான்கியூ கம்பெனியை ஜங்சாங் கிம்முடன் தொடங்கினார். இருபது வருஷம் ஆய்வகம், பிறகு வியாபாரம்.

நம் வீடுகளில் கணக்கில் கெட்டி என்றால் கம்ப்யூட்டர் சயன்ஸ். பிஸிக்ஸ் என்றால் "அப்புறம் என்ன வேலை கிடைக்கும்?" ஆனால் இந்த வகைக் கணினியைக் கட்டுகிறவர்களில் லேசரும் வெற்றிடமும் கையாளத் தெரிந்த பிஸிக்ஸ்காரர்கள்தான் முன்வரிசை. இந்திய அரசும் 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது.

பௌபஜார் தெருவின் பெயர் இப்போது பிபின் பிஹாரி கங்குலி தெரு. 210-இல் இருப்பது ஒரு வணிகவியல் கல்லூரி. ராமனின் கழகம் யாதவ்பூரில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அங்கே ஒருங்கிணைந்த அறிவியல் பட்டப் படிப்பு உண்டு. லேக் மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.